வேலிக் காசு

விசுவமடு,
புரட்டாதி.

அன்புள்ள குகன்,

நான்கு மாதமாக நான் ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீயும் எழுதியிருக்க மாட்டாய். உன் காணிக்கு வேலி அடைக்கச் சொல்லி அனுப்பினாயே மூன்று லட்சம், அது வேலியாக நிற்கவில்லை. ஓர் இயந்திரத்துக்கு முற்பணமாகப் போய்விட்டது. திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே வாசி.

வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு இந்த முறை சாதாரண தரப் பரீட்சை. பெரியம்மாவின் கால் அப்படியேதான் இருக்கிறது. கட்டையன் இன்னும் கலியாணம் செய்யவில்லை. கேட்டால் பழியை உன் தலையில் போடுகிறான்.

உங்கள் ரொறன்ரோத் தெருவில் பனி வழிக்க வருமே, முன்னால் வாளியும் அடியில் றப்பர் செயினுமாக, ஓட்டுகிறவன் வாளிக்கு மேலால் கால்வைத்து ஏறி உட்காருவானே, அந்தச் சாமான்தான். இங்கே சனம் குட்டி டோசர் என்கிறது. 1986இல் தக்கேயுச்சி என்ற ஜப்பான் நிறுவனம்தான் இந்த வகையை முதலில் செய்ததாம். அந்தக் காலத்தில் நீயும் நானும் கணக்கு வாத்தியாரின் சைக்கிளுக்குக் காற்று இறக்கிவிட்டு முழங்காலில் நின்றுகொண்டிருந்தோம்.

ஏன் வாங்கினேன் என்று கேட்பாய். அரை ஏக்கர் வேலைக்கு ஜேசிபிக்காரன் வரமாட்டான். வந்தாலும் நாலு வரம்பை நசுக்கிவிட்டுத்தான் போவான். மாரியில் எங்கள் களிமண்ணைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. உழவு இயந்திரம் அச்சுவரை இறங்கும் இடத்தில் இது பாரத்தைப் பரப்பிக்கொண்டு மேலாலே போய்விடும். ஆனால் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய சாமான்களின் விலையும் எங்கோ போய்விட்டது. நல்ல நிலையில் ஒன்றை நான் கனவிலும் வாங்க முடியாது. இது 18 லட்சத்துக்கு வந்ததே எஞ்சின் கெட்டிருந்ததால்தான்.

தெரிந்துதான் வாங்கினேன், குகன். இந்த வண்டியில் கிளச்சும் இல்லை, கியர்ப்பெட்டியும் இல்லை. எஞ்சின் ஹைட்ரோலிக் பம்பைச் சுழற்றும். பம்ப் அனுப்பும் எண்ணெய்தான் இரண்டு செயினுக்கும் உள்ள மோட்டார்களை ஓட்டும், வாளியைப் பிடித்திருக்கும் கைகளையும் தூக்கும். பம்ப் போனால் இங்கே ஆண்டவன்தான் பார்க்கவேண்டும். எஞ்சின் அப்படியா? யுத்த காலத்தில் கண்மருந்துப் போத்தலில் இரண்டு துளி பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். ஆகவே எஞ்சினை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்தேன். செயினின் றப்பர் வெடித்து உள்ளே கம்பி தெரிகிறதா, பற்சக்கரத்தின் பல் கூராகிவிட்டதா என்று படுத்துக் கிடந்து தடவிப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட்டினேன். வெள்ளைப் புகை கக்கியது, ஆனால் இரண்டு பக்கமும் நேராக இழுத்தது. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. கை கொடுத்துவிட்டேன்.

அந்தப் பத்து நிமிடம்தான் என்னை இப்போது தின்கிறது. ஸ்டார்ட் செய்ய முன் ஒயில் குச்சியை இழுத்துப் பார் என்று முதன்முதலில் எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. நான் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இழுத்தால், குச்சியில் பால்தேநீர்! ரேடியேற்றரின் பின்புறம் தூசியும் பதரும் அடைத்துச் சுவர்போல இருந்தது. சூடு ஏறி, சிலிண்டர்களை மூடும் ஹெட் வளைந்து, இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவில் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கஸ்கெட் தகடு எரிந்து, தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கியிருக்கிறது. "கஸ்கெட் மட்டும்தான்" என்று விற்றவர் சொன்னது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. கீழே திறந்து, கிராங் தண்டைத் தாங்கும் பெயரிங்கைக் கழற்றினோம். சாம்பல் நிறமாக இருக்கவேண்டிய தகட்டில் பாதிக்குமேல் தேய்ந்து அடியில் செம்பு தெரிகிறது. விரல் நகத்தைக் கிராங்கின்மேல் இழுத்தால் நகம் மாட்டுகிறது. அதில் எவ்வளவு பழைய தேய்மானம், எவ்வளவு என் பத்து நிமிடம்? இரவில் படுத்தால் இந்தக் கணக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இவளுக்குச் சொல்லவில்லை. எஞ்சினைக் கழற்ற முன், கைகளை உயர்த்தி வைத்துக் கழுவிக்கொண்டிருந்தோம். ஒரு போல்ட் உருண்டு போக, அக்காவின் மகன் அதை எடுக்கக் கைக்குக் கீழே புகுந்துவிட்டான். கை கீழே விழாமல் தாங்கும் பூட்டுத் தண்டை நான் மாட்டியிருக்கவில்லை. "தூக்கியபடியே நிற்கிறது" என்று பெருமை பேசினேனே, அந்தக் கைதான். பெடியன் வெளியே வந்து சிரித்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கை கால் போனவர்கள் இந்த ஊரில் போதும், குகன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது தண்டு மாட்டாமல் அந்தப் பக்கம் கோழியையும் விடுவதில்லை.

கிராங்கையும் ஹெட்டையும் வவுனியாவில் லேத்துக்குக் கொடுத்திருக்கிறேன். போகும் வழியில் முறிகண்டியில் தேங்காய் உடைத்தேன், நாலாகச் சிதறியது. பிள்ளையார் என்ன சொல்கிறார் என்று யோசித்தபடியே கச்சான் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டேன். கால் மில்லிமீற்றர் கடைந்தால் போதுமென்றால் தப்பினோம். அப்படியானால் அந்த அளவுக்குப் பெயரிங்கும் ஒரு முழுக் கஸ்கெட் செற்றும் அங்கே கிடைக்குமா என்று விசாரி. எஞ்சின் இலக்கம் தனித்தாளில் இருக்கிறது. விலையை மட்டும் சொல், நான் அனுப்புகிறேன். நீ காசு போடாதே. ஏற்கனவே போட்டுவிட்டாய்.

வேலிக் காசைத் தை அறுவடையோடு அடைத்துவிடுவேன். வண்டி ஓடத் தொடங்கினால் முதல் வேலை உன் காணிதான். நாயுண்ணி ஆளுயரத்துக்கு மூடிக் கிடக்கிறது, துப்புரவாக்காமல் வேலி போட்டும் பயனில்லை. இந்தச் சாட்டு நன்றாக இருக்கிறது, இல்லையா? வடக்கு மூலையில் இரண்டு பாலைமரம் நிற்கிறது. எல்லைக்குள் ஒன்று, எல்லையிலேயே ஒன்று. எல்லையில் நிற்பதை விட்டு வளைத்து வேலி போடவா? மழை விழ முன் பதில் எழுது.

உன்,
ரவி