ஃபேர் தீவிலிருந்து தினமும் ஒரு குறிப்பு

நண்பர்களே, ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாண்டு தீவுக்கூட்டங்களுக்கு நடுவே ஃபேர் தீவில் இருக்கிறேன். 1948இலேயே பறவை ஆய்வகம் தொடங்கிய இடம். ஆகஸ்ட் முடியும்வரை அன்றன்றைய பறவைக் கணக்கை இரவில் இங்கே போடுகிறேன். சிக்னல் இல்லாவிட்டால் மறுநாள் வரும்.

நேற்று நள்ளிரவு, வளையம் மாட்டுவதற்காகப் பறவை பிடிக்கும் வலையில் ஒரு புயல் பெட்ரல், சின்னஞ்சிறு கடற்பறவை. எடை 25 கிராம்தான். காலில் அடையாள வளையத்தை மாட்டி இடுக்கியால் மூடும்போது அதன் கஸ்தூரி வாடை விரலில் ஒட்டிக்கொண்டது, விடிந்தும் போகவில்லை. உள்ளங்கையில் அடங்கும் இந்த உயிர் குளிர்காலத்தைத் தென்னாப்பிரிக்கக் கடலில் கழிக்கும்!

இப்போது மேற்குக் காற்று. தென்கிழக்குக்குத் திரும்பினால் வலசைப் பறவைகள் இங்கே வந்து ஒதுங்கும். கதிர்க்குருவிகளைப் பிரித்தறியத் தெரிந்தவர்கள் கொஞ்சம் தயாராக இருங்கள், படம் அனுப்பிக் கேட்பேன். அப்புறம், வலையில் சிக்கிய பறவையின் படத்தை மட்டும் கேட்காதீர்கள். முதலில் அதை விடுவிக்க வேண்டும்.