ஒரே கோலில் அளக்காத கப்பல்

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பாம்பனில் உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "கப்பலில் போய் என்ன பார்த்தீர்கள், மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். "நன்றாக இருந்தது மாமா" என்று காதருகே கத்திவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. ஐம்பது ஆண்டுகள் படகு கட்டிய ஓடாவிக்குச் சொல்கிற பதிலா அது? ஆனால், கத்திச் சொல்லக்கூடிய கதையும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம், இதே கேள்வியைத் தெருவில் இன்னும் பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள். பேரன் கைபேசியில் வாசித்துக் காட்டுவான். வேகமாக வாசித்தால் தலையில் ஒரு குட்டு வையுங்கள்.

கப்பலைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். உங்கள் பேத்தி வேலை பார்க்கும் கோபன்ஹேகனில் ஏறினோம். தாலின், ஹெல்சிங்கி என்று ஊர் ஊராக நிறுத்தி, ஏழாம் நாள் விடியற்காலையில் ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் இறக்கிவிட்டார்கள். அது மிதக்கிற கல்யாண மண்டபம், மாமா. எந்நேரமும் பந்தி. கடல் எங்கோ பத்து மாடிக்குக் கீழே கிடக்கிறது, அதன் வாசனைகூட மேலே வராது. உங்கள் மகள் முதல் நாளே, "இதற்கு அணியம் (முன்பக்கம்) எது, அமரம் (பின்பக்கம்) எது என்றே தெரியவில்லையே" என்று சலித்துக்கொண்டாள். படகு ஆடாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாள் காலை மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஆனி மாதம் அந்த ஊரில் அதிகாலை மூன்றரைக்கே சூரியன் எழுந்துவிடுகிறது. நான்கு மணிக்கு மேல்தட்டில் போய் நின்றோம். கப்பல் தீவுகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தது. இருபுறமும் தீவுகள், தீவுக்குப் பின்னால் தீவு. பெரியதும் சிறியதுமாகச் சுமார் 30,000 என்று கணக்குச் சொல்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை வைத்துக்கொண்டு நாம் பெருமையடித்தோம். அவற்றிலும் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. அங்கே நடப்பது நேர் எதிர். ஒரு காலத்தில் அந்த நாட்டின் மேல் கிலோமீட்டர் கணக்கில் பனிக்கட்டி உட்கார்ந்திருந்ததாம். அது உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியும், பாரம் இறங்கிய தோணி மிதப்பதைப் போல நிலம் இன்னும் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையை உங்கள் வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். கடலிலிருந்து நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிற ஊரைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

எட்டு மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். விமானம் இரவில். இடையில் ஒரு முழுப் பகல், இரண்டு பெரிய பெட்டிகள். இப்படி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நேரே மத்திய ரயில் நிலையத்துக்குப் போய் அங்கிருக்கும் பெட்டகத்தில் சுமையைப் பூட்டிவிடுங்கள். விமான நிலைய ரயிலும் அங்கிருந்தே கிளம்புகிறது. இருபது நிமிடம்கூட ஆகாது. கையில் நோட்டு வைத்துக்கொண்டு பயனில்லை. பல கடைகளில் நோட்டைக் காட்டினால் தலையை ஆட்டிவிடுகிறார்கள், எல்லாம் அட்டைதான். கழிப்பறைக்கும் அட்டையைத் தேய்க்க வேண்டியிருந்தது. உங்கள் மகள் அதற்குச் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

பேத்தி பதினோரு இடங்களை எழுதிக் கொடுத்திருந்தாள். நோபல் விருந்து நடக்கிற நகர மண்டபம், அரண்மனை, பாறையைக் குடைந்து ஓவியம் தீட்டிய சுரங்க ரயில் நிலையங்கள், 1891-இல் தொடங்கிய ஸ்கான்சென் என்கிற திறந்தவெளி அருங்காட்சியகம் என்று நீண்ட பட்டியல். ஒரே பகலில் பதினோரு இடம் என்பது பார்ப்பதில் சேராது, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவது. நாங்கள் இரண்டைத்தான் பார்த்தோம். பேத்தி கோபித்துக்கொண்டாள். எனக்கு வருத்தமில்லை.

ஸ்டாக்ஹோம் 14 தீவுகளின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். ஒருபக்கம் மெலாரன் என்கிற நன்னீர் ஏரி, மறுபக்கம் பால்டிக் கடல், இரண்டும் ஊர் நடுவே சந்திக்கின்றன. ஆண்கடலும் (மன்னார் வளைகுடா) பெண்கடலும் (பாக் விரிகுடா) பாம்பன் கால்வாயில் முட்டிக்கொள்வதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒன்றும் புதிதில்லை. அங்கே படகும் பஸ் மாதிரிதான். பஸ்ஸுக்கு எடுத்த டிக்கெட்டே போதும். யூர்கோர்டன் தீவுக்குப் பத்து நிமிடம். இறங்கியதும் உங்கள் மகள் குனிந்து தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பே இல்லை. சப்பென்று இருக்கிறது" என்றாள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாமா, அந்தத் தீவில் ஒரு கப்பலை வீட்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெயர் வாசா. 1626-இல் கட்டத் தொடங்கி, 1628 ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதல் பயணம் கிளம்பிய போர்க்கப்பல். மொத்தம் ஓடிய தூரம் சுமார் 1,300 மீட்டர். நம் பாம்பன் ரயில் பாலத்தின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. கரையில் ஊரே திரண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, லேசான காற்றில் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி ஒரு காற்று வீசியதும் சாய்ந்து, பீரங்கிக்காகத் திறந்து வைத்திருந்த கீழ்வரிசைக் கதவுகள் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கியது. பத்துப் பாயில் நான்கைத்தான் விரித்திருந்தார்கள். ஏறத்தாழ முப்பது பேர் செத்தார்கள்.

உள்ளே ஒரே இருட்டு, குளிர். மரம் கெடக்கூடாது என்று விளக்கை மங்கலாக வைத்திருக்கிறார்கள். கண் பழகியதும் தலைக்கு மேலே கறுப்பாக அது எழும்பி நின்றது. பாய்மர உச்சி வரை 52 மீட்டர். அமரப் பக்கம் முழுவதும் சிங்கமும் வீரர்களும் தேவதைகளுமாகச் செதுக்கல். தேரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒடுங்கி, மேலே போகப் போகக் கனத்துக்கொண்டே போகிறது. நான் செதுக்கலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உங்கள் மகள் செதுக்கலைப் பார்க்கவே இல்லை. ஏராவிலிருந்து (அடிமரத்திலிருந்து) கண்ணை மெல்ல மேலே ஏற்றிவிட்டு, "அடிவயிறு இவ்வளவு ஒல்லியாக இருக்கிறதே, பாரத்தை எங்கே போட்டார்கள்?" என்று கேட்டாள்.

நூற்றாண்டுகளாகப் படித்தவர்கள் விசாரித்துக் கண்டுபிடித்ததும் அதைத்தான். அடியில் சுமார் 120 டன் கல்லைப் பாரமாகப் போட்டிருந்தார்கள். அது போதவில்லை. இன்னும் போட இடமில்லை. போட்டிருந்தாலும் பீரங்கிக் கதவுகள் தண்ணீர் மட்டத்துக்கு நெருங்கியிருக்கும். மேலே 64 பீரங்கிகள், இரண்டு தட்டில். மேல்தட்டுக்கு இலேசானவை போதும் என்று விட்டார்களா? இல்லை, கீழே வைத்த அதே கனத்தில் மேலேயும். அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் போர்முனையில் இருந்துகொண்டு, சீக்கிரம், சீக்கிரம் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. நீங்கள் புதுப் படகை இறக்கியதும் நான்கு பேரை ஒரே ஓரத்தில் நிற்கவைத்துச் சாய்வு பார்ப்பீர்களே, அதே சோதனையை அவர்களும் செய்திருக்கிறார்கள். முப்பது பேரைத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டார்கள். மூன்றாம் ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, கவிழ்ந்துவிடப் போகிறது என்று கடற்படைத் தலைவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தியது சோதனையைத்தான், பயணத்தை யாரும் நிறுத்தவில்லை. விசாரணையில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. அளவுகளை ஒப்புக்கொண்டவர் அரசர். தலைமை ஓடாவி ஹென்ரிக் ஹைபெர்ட்சன் 1627-இலேயே இறந்துவிட்டார். அதன் பிறகு பட்டறையை நடத்தியவர் அவருடைய மனைவி மார்கரெத்தா. இதைப் படித்ததும் உங்கள் மகள் சட்டென்று, "அம்மா மாதிரி" என்றாள். மரக்கடைப் பாக்கியையும் கூலியையும் அத்தை விரல்விட்டு எண்ணிய காலம் எனக்கும் நினைவுக்கு வந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கு அளவுகோல்கள். மூழ்கிய கப்பலுக்குள் கிடைத்தவை. இரண்டு ஸ்வீடன் அடி, பன்னிரண்டு அங்குலம். மற்ற இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடி, அதற்குப் பதினோரு அங்குலம். ஒரே கப்பலில் ஒருத்தன் ஒரு கோலாலும் இன்னொருத்தன் இன்னொரு கோலாலும் அளந்திருக்கிறான். கப்பலின் இரு பக்கமும் ஒன்றுபோல இல்லை என்று அளந்து பார்த்துச் சொல்கிறார்கள். உங்கள் பட்டறையில் புதிதாக வந்த பையன் சொந்தமாக ஒரு டேப் கொண்டுவந்தபோது, அதைப் பிடுங்கி மணலில் எறிந்து, "ஒரு படகுக்கு ஒரு கோல்தான்டா" என்று நீங்கள் சத்தம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அன்று உங்களை முரடர் என்று நினைத்தேன்.

அதையும் எழுதிவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் ஒரு படகுக்காரர் வந்தார். ஏரா வைத்து, வங்கு (விலா எலும்பு போன்ற குறுக்கு மரங்கள்) ஏற்றிய பிறகு, நீளத்தை நான்கடி கூட்டு, மேலே உயரமாக அறை வை என்று நின்றார். "அப்படியானால் ஏராவை மாற்ற வேண்டும்" என்றீர்கள். அவர் கேட்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலையைப் பாதியில் விட்டீர்கள். அந்த ஆண்டு வீட்டில் என்ன நிலைமை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கல்யாணமான புதிது எனக்கு. உங்கள் எதிரிலேயே, "பிடிவாதத்தைச் சோற்றில் போட்டுச் சாப்பிட முடியுமா?" என்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. உளியைத் தீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இங்கே நான் பொய் சொல்ல மாட்டேன். வேறொருவர் கட்டி முடித்த அந்தப் படகு கவிழவில்லை. பத்து ஆண்டுகள் ஓடியது. ஆனால், அடியில் எப்போதும் மணல் மூட்டை ஏற்றித்தான் போகும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழுந்தால் முதலில் கரைக்குத் திரும்புவது அதுதான் என்று தெற்குவாடியில் பேசிக்கொள்வார்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்க ஒரு விபத்து தேவைப்பட்டிருக்கிறது எனக்கு. அது ஸ்வீடனில், 400 ஆண்டுக்கு முன் நடந்திருக்கிறது.

இப்போது உப்பில்லாத தண்ணீருக்கு வருகிறேன். நம் கடலில் மரத்தை இரண்டு ஆண்டு சும்மா போட்டால் துளைப்புழு சல்லடையாக்கிவிடும். அதற்குத்தானே சுறா எண்ணெய், குங்கிலியம், பலகை இடுக்குகளை அடைக்கிற கலப்பத்து, ஆண்டுதோறும் கரையேற்றம் எல்லாம். பெருங்கடலில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருந்தால், ஸ்டாக்ஹோம் பக்கம் ஐந்தாறு பங்குதான். அந்த உப்பு புழுவுக்குப் போதாது. புழு இல்லையென்றால் பழைய கப்பல் அடியில் அப்படியே இருக்க வேண்டுமே என்று யோசித்துத் தேடியவர் ஆண்டர்ஸ் ஃபிரான்சென். 1956-இல் அவர் கயிற்றில் இறக்கிய கருவியில் கறுத்த ஓக் மரத்துண்டு ஒன்று மாட்டி வந்தது. கப்பல் கிடந்த ஆழம் 32 மீட்டர், நம் கணக்கில் பதினேழரைப் பாகம். பெண்கடலில் அவ்வளவு ஆழமே கிடையாது. முக்குளிப்பவர்கள் இருட்டில், சேற்றில், கப்பலுக்கு அடியில் ஆறு சுரங்கம் தோண்டினார்கள். தலைக்கு மேல் கல்பாரத்தோடு ஒரு கப்பல். அந்தச் சுரங்கங்கள் வழியே கம்பி வடம் கோத்துத்தான் தூக்கினார்கள். 1961 ஏப்ரல் 24-இல் கப்பல் தண்ணீருக்கு மேலே வந்தது. இரும்பு ஆணிகள் துருப்பிடித்துக் கரைந்துவிட்டிருந்தன. மரம் நின்றது. காய்ந்தால் வெடித்துவிடும் என்று 17 ஆண்டுகள் மெழுகு போன்ற ஒரு மருந்தைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். இன்று நிற்பதில் நூற்றுக்கு 98 பங்கு பழைய மரம்தான்.

நான்கு மணி நேரம் அங்கேயே போய்விட்டது. அப்புறம் பழைய நகரத்தில் கொஞ்சம் நடந்தோம். 90 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. அதில் எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். படகுத்துறையருகே ஸ்ட்ரோமிங் என்கிற மீனை வறுத்து ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நம் சூடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. மிளகாய் இல்லை, புளி இல்லை, ஆனாலும் ஏழு நாள் கப்பல் சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான் மீனாகத் தெரிந்தது.

வரும் ஞாயிறு காலை இரண்டு பேரும் வருகிறோம். படங்களைப் பெரிதாக அச்சுப்போட்டு வைத்திருக்கிறேன். நேர் அணியத்திலிருந்து எடுத்தது ஒன்று, அமரத்திலிருந்து ஒன்று. இடது பக்கம் கனம் கூடுதல் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, உங்கள் மகள் தெரிகிறது என்கிறாள். உங்கள் கண்ணுக்கு என்ன படுகிறது என்று சொல்லுங்கள். பெட்டியிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து வையுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்
இராமநாதபுரம்