நிச்சயமின்மையை எக்செல் கோப்பிலிருந்து கற்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலிப்ரேஷன் (அளவுக் கருவிகளைத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சோதிப்பது) ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அளவீட்டு நிச்சயமின்மை, அதாவது அளந்த மதிப்பில் மீதமிருக்கும் ஐயத்தின் அளவு, கற்பிக்கப்படும் விதம் எங்களுக்குக் கவலை தருகிறது. வகுப்பு, பகுதி வகைக்கெழு என்ற நுண்கணிதத்தில் தொடங்குகிறது, நிகழ்தகவுப் பரவல்களின் படங்களுக்குப் போகிறது, கடைசி அரை மணியில் ஓர் எக்செல் கோப்பைக் கையில் கொடுத்து முடிகிறது. கோப்பில் எண்களைப் போட்டால் விடை வரும். எந்த வரி ஏன் இருக்கிறது என்று தணிக்கையாளர் கேட்டால் பதில் வராது. ஆய்வகங்களின் தகுதிக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017 தரநிலையின்படி, தன் சொந்தக் கருவிகளுக்குச் செய்வது உட்பட ஒவ்வொரு காலிப்ரேஷனுக்கும் ஆய்வகமே நிச்சயமின்மையை மதிப்பிட வேண்டும். கோப்பை நிரப்பத் தெரிந்தால் மட்டும் அதைச் செய்துவிட முடியாது.

முதல் நிச்சயமின்மை பட்ஜெட்டை, அதாவது ஐயத்தின் காரணங்களை வரிவரியாக எழுதிக் கூட்டும் கணக்கை, தாளில், கையால், மேசைமேல் இருக்கும் ஒரு கருவிக்குப் போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. 0–25 மி.மீ. டிஜிட்டல் மைக்ரோமீட்டர் இதற்கு நல்ல தொடக்கம். அதன் மீச்சிற்றளவு, அதாவது திரை காட்டும் மிகச் சிறிய படி, 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 25 மி.மீ. எஃகு ஸ்லிப் கேஜை (நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டை) வைத்துப் பத்து முறை அளக்கிறோம் என்று கொள்வோம்.

பத்து அளவீடுகளின் திட்ட விலக்கம் (அவை சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 0.6 மைக்ரான் என்றால், சராசரியைத்தான் அறிக்கையில் தருகிறோம் என்பதால் 10-இன் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம்: 0.19. ஸ்லிப் கேஜின் சான்றிதழில் நிச்சயமின்மை 0.10 மைக்ரான், கே = 2 (சுமார் 95 விழுக்காடு வாய்ப்புக்காகப் பெருக்கிய எண்) என்று இருந்தால் அதை இரண்டால் வகுக்கிறோம்: 0.05. திரை 1 மைக்ரான் படியாக நகர்வதால் உண்மை மதிப்பு இருபுறமும் அரை மைக்ரானுக்குள் எங்கும் இருக்கலாம். இது செவ்வகப் பரவல், எனவே 0.5-ஐ 3-இன் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம்: 0.29. அடுத்தது வெப்பநிலை. மைக்ரோமீட்டருக்கும் கேஜுக்கும் இடையே 1 டிகிரி செல்சியஸ் வரை வேறுபாடு இருக்கலாம் என்று வைத்தால், எஃகின் விரிவுக் குணகம் டிகிரிக்கு ஒரு மில்லியனில் 11.5 பங்கு. 25 மி.மீ. நீளத்துக்கு 0.29 மைக்ரான் வரும். இதையும் 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.17.

நான்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.15, அதன் வர்க்கமூலமான கூட்டு நிச்சயமின்மை 0.39. கே = 2 கொண்டு பெருக்கி, 0.8 மைக்ரான் என்று எழுதுகிறோம். உண்மை மதிப்பு இந்த எல்லைக்குள் இருக்கும் வாய்ப்பு சுமார் 95 விழுக்காடு.

இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டே ஒரு வாரம் பாடம் நடத்தலாம். மொத்த 0.15-இல் திரையின் பங்கு மட்டும் 0.083, பாதிக்கு மேல். ஆகவே இன்னும் துல்லியமான ஸ்லிப் கேஜ் வாங்கினாலும் இங்கே எதுவும் குறையாது. வெப்பநிலையிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. இரண்டும் எஃகு, இரண்டும் ஒரே வெப்பநிலை என்றால் விரிவு பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். நமக்குத் தொல்லை தருவது இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான். கேஜை விரலால் பிடித்துத் துடைத்து உடனே அளந்தால் அந்த வேறுபாடு பெருகும். அறையின் வெப்பமானி 20 டிகிரி காட்டுகிறது என்பதால் கேஜும் 20 டிகிரியில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கையுறை போட்டு எடுத்து, இரண்டையும் ஒரே கிரானைட் மேசையில் போதிய நேரம் வைத்திருந்த பிறகே அளக்க வேண்டும். அளக்கும் முகங்களின் தட்டைத்தன்மையும் இணைத்தன்மையும் தனியே சோதிக்கப்படாவிட்டால் அவற்றுக்கும் ஒரு வரி வேண்டும். சான்றிதழ் மதிப்புக்குப் பதிலாகப் பெயரளவு 25 மி.மீ. என்றே வைத்துக் கணக்கிட்டால், கேஜின் தர வகுப்புக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் வரம்பும் செவ்வகப் பரவலாகச் சேர வேண்டும்.

இப்போது பத்து அளவீடுகளுக்குப் பதில் மூன்று மட்டும் எடுங்கள். திட்ட விலக்கம் அதே 0.6 என்றே இருக்கட்டும். முதல் வரி 0.35 ஆகிறது, கூட்டு நிச்சயமின்மை 0.48. கே = 2 என்று பழக்கத்தில் பெருக்குவது இங்கேதான் தவறாகிறது. டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது இந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண், அதற்கான வெல்ச்–சாட்டர்த்வைட் சூத்திரத்தில் போட்டால் 7 மட்டுமே வரும். அதற்கு கே 2.43. விடை ஏறக்குறைய 1.2 மைக்ரான். ஏழு அளவீடுகளை மிச்சப்படுத்தியதற்கு நிச்சயமின்மை ஒன்றரை மடங்காகிவிட்டது.

எக்செலிலும் ஒரு பொறி உண்டு. 'எஸ்டிடெவ் டாட் பி' என்ற கட்டளை அளவீடுகளின் எண்ணிக்கையால் வகுக்கும். நமக்கு வேண்டிய 'எஸ்டிடெவ் டாட் எஸ்' அதில் ஒன்று குறைத்து வகுக்கும். பத்து அளவீடுகளில் வித்தியாசம் 5 விழுக்காடுதான். மூன்றில் 18 விழுக்காடு குறைத்துக் காட்டும்.

பத்து முறையும் திரை 25.001 என்றே காட்டினால் திட்ட விலக்கம் பூச்சியம். உடனே நிச்சயமின்மையே இல்லை என்று மகிழ்கிறவர்கள் உண்டு. சிதறல் இருக்கிறது, ஆனால் திரையின் படியைவிடச் சிறியது என்பதால் தெரியவில்லை, அவ்வளவே. திரைக்கான வரி அங்கே இருப்பது இதற்காகத்தான்.

சான்றிதழின் நிச்சயமின்மையை இரண்டால் வகுக்க மறப்பது மிகவும் பரவலான பிழை. மைக்ரோமீட்டர் கணக்கில் அது கண்ணில் படவே படாது, 0.39 ஏறத்தாழ 0.40 ஆகும். எடைக்கற்களில் மேற்கோள் எடையே (ஒப்பிடப் பயன்படும் சான்றளித்த எடை) பட்ஜெட்டை ஆள்கிறது என்றால், அதே மறதி விடையைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கிவிடும். ஒரு கருவியில் பாதிக்காத பிழை இன்னொன்றில் பாதிக்கும் என்பதால், கோப்பை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு அப்படியே நகலெடுக்கக் கூடாது.

வர்க்கமூலக் கூட்டலும் எப்போதும் பொருந்தாது. 1993-இல் வெளியான 'கம்' (GUM) என்ற சர்வதேச நிச்சயமின்மை வழிகாட்டியிலேயே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1000 ஓம் மின்தடைகள் பத்து, எல்லாம் ஒரே மேற்கோள் மின்தடையோடு ஒப்பிடப்பட்டவை, ஒவ்வொன்றின் நிச்சயமின்மையும் 0.1 ஓம். தொடரில் இணைத்தால் 0.32 ஓம் என்று கணக்குப் போடத் தோன்றும். சரியான விடை 1 ஓம். பத்திலும் இருக்கும் பிழை ஒரே மூலத்திலிருந்து வருவதால் அவை ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளாது. ஸ்லிப் கேஜ்களை ஒட்டி அடுக்கும்போதும், எடைக்கற்களைச் சேர்த்து வைக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பிழையும் நிச்சயமின்மையும் ஒன்றல்ல. பிழை தெரிந்தால் திருத்தலாம். திருத்திய பிறகும் மீதமிருக்கும் ஐயத்தின் அளவே நிச்சயமின்மை. அனுமதி வரம்பு 2 மைக்ரான், கண்ட பிழை 1.6, நிச்சயமின்மை 0.8 என்றால் தேர்ச்சி என்று எழுதலாமா? முடிவு எடுக்கும் விதியை வாடிக்கையாளரோடு முன்பே பேசி எழுதி வைத்திருந்தால்தான் சொல்ல முடியும். நிச்சயமின்மை முழுவதையும் பாதுகாப்பு இடைவெளியாக விடுவது விதியானால் ஏற்பு எல்லை 1.2 ஆகிவிடும், கருவி தேறாது. அறிக்கையில் நிச்சயமின்மையை இரண்டு இலக்கத்துக்கு மேல் தர வேண்டியதில்லை. அளவின் கடைசி இலக்கமும் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

பயிற்சி தருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பயிற்சிக்கு வந்தவர் ஒரு நீளக் கருவிக்கும், ஓர் எடைக்கும், ஒரு வெப்பநிலை உணரிக்கும் தாளில் பட்ஜெட் போடட்டும். ஒவ்வொரு வரியிலும் எந்தப் பரவல், எதனால் வகுத்தோம், ஏன் என்று வாயால் சொல்லட்டும். அதன் பிறகு எக்செல் கோப்பைத் திறந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
காலிப்ரேஷன் பணியில் இருக்கும் வாசகர்கள்