ரிச்சி ஸ்ட்ரீட் இயர்ஃபோன் கடைக்காரங்களுக்கு: வாங்குறதுக்கு முன்னாடி மாட்டிப் பாக்க விடுங்க

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இயர்ஃபோன் விக்கிற அண்ணன்களுக்கும் கவுன்ட்டர்ல நிக்கிற தம்பிங்களுக்கும் வணக்கம்.

உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கத்தான் இந்த மடல். காதுக்குள்ள போற மாதிரி இயர்ஃபோன், அதான் ஐஇஎம்னு சொல்றோமே, அத ஒருத்தர் வாங்க வந்தா அவர் காதுக்கு சரியா உக்கார்ற சைஸ்ல முனை ரப்பர மாட்டி ஒரு அஞ்சு நிமிஷம் கேக்க விடுங்க, அதுக்கப்புறம் பில் போடுங்க. இப்ப என்ன நடக்குதுன்னா டப்பாவக் காட்டுறீங்க, "செம பேஸ் இருக்கும் சார்"னு சொல்றீங்க, சீல் ஒடைச்சா ரிட்டர்ன் கெடையாதுன்னும் சொல்லிடுறீங்க, வாங்குனவர் வீட்டுக்குப் போய் மாட்டிப் பாத்துட்டு சத்தம் தகர டப்பா மாதிரி இருக்குன்னு அத டேபிள் டிராயர்ல போட்டுடுறார். அந்த பீஸ் நல்ல பீஸாவே இருந்திருக்கும், அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

ஐஇஎம்ல பேஸ், அதாவது கீழ் சுருதி சத்தம், வர்றதே காதுத் துவாரம் முழுசா அடைபட்டாத்தான். உள்ள சத்தத்த உண்டாக்குற டிரைவர் ரொம்பச் சின்னது, அது அசைக்கிற காத்து அந்த மூடுன இடத்துக்குள்ளயே நின்னாத்தான் அழுத்தமா மாறும், ரப்பர் ஓரத்துல ஊசி நுழையற அளவு இடைவெளி இருந்தாக்கூட கீழ் சத்தம் அந்த வழியாக் கசிஞ்சு போயிடும், மேல் சத்தம் மட்டும் அப்படியே நிக்கும். மிருதங்கம் கேட்டா சட்டுனு புரியும், வலது பக்கம் வலந்தலைல விழற 'நம்'ங்கற சொல்லெல்லாம் கணீர்னு வரும் ஆனா இடது பக்கம் தொப்பியில வாசிக்கிற கும்கிங்கற ஆழமான சத்தம் இருக்காது, அது இருந்த எடமே தெரியாது. இதுக்கு ஈக்வலைசர்ல பேஸ ஏத்தி ஒண்ணும் ஆகப் போறதில்ல, கசியறது கசிஞ்சுகிட்டேதான் இருக்கும்.

உங்க தெருவுல ஒரு கடையில நானே நின்னு பாத்தேன். காலேஜ் பையன் ஒருத்தன், டெமோ பீஸ மாட்டிட்டு "அண்ணா இதுல பேஸே இல்லண்ணா"ன்னான், கவுன்ட்டர்ல இருந்தவர் ஒடனே அதவிட ஆயிரம் ரூபா கூட இருக்கற இன்னொண்ண எடுத்து நீட்டினார். பையன் பர்ஸத் தொறந்து பாத்து தயங்குறான். நான் குறுக்க பேசினதுக்கு அவர் தப்பா எடுத்துக்கல, அந்த மொத பீஸ்லயே மீடியம் ரப்பரக் கழட்டிட்டு லார்ஜ் போட்டுக் குடுங்கன்னேன், போட்டுக் குடுத்தார். அவ்வளவுதான், பையன் தலைய ஆட்ட ஆரம்பிச்சுட்டான். அதையே வாங்கிட்டுப் போனான், ஆயிரம் ரூபாயும் மிச்சம். அந்த அண்ணனுக்கு ஒரு வியாபாரம் சின்னதாப் போச்சுன்னு தோணலாம், ஆனா அந்தப் பையன் அடுத்த தடவ வேற எந்தக் கடைக்குப் போவான் சொல்லுங்க?

மாட்டுற விதத்தையும் நீங்கதான் சொல்லித் தரணும், டப்பாவுல வர்ற பேப்பர யாரும் படிக்கறதில்ல. காதுத் துவாரம் நேர்க் குழாய் இல்ல, வளைஞ்சு போகுது, அதனால எதிர்க் கையத் தலைக்குப் பின்னாடி கொண்டுவந்து காது மடல மேலயும் பின்னாடியும் லேசா இழுத்துட்டு இந்தக் கையால ஐஇஎம்ம உள்ள விட்டு கொஞ்சம் திருப்பணும், அப்பதான் ரப்பர் உள்ள போய் உக்காரும். ஒயர் காதுக்கு மேல சுத்தி வர்ற மாடலா இருந்தா அப்படித்தான் போடணும், நெறைய பேர் அதக் கீழ தொங்க விட்டுட்டு நிக்கலன்னு கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க. சரியா உக்காந்துச்சான்னு பாக்க ஒரு வழி இருக்கு, பாட்டப் போடாம வாயத் தொறந்து நாலு வார்த்த பேசச் சொல்லுங்க, சொந்தக் குரல் தலைக்குள்ள கும்முனு கேட்டா அடைபட்டாச்சு, சாதாரணமா கேட்டா எங்கயோ கசியுது. ரெண்டு காதுலயும் தனித்தனியா பாக்கணும், ஏன்னா இடது வலது ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்னு இல்ல, எனக்கே இடது பக்கம் லார்ஜ், வலது பக்கம் மீடியம்தான் நிக்குது. வலிச்சா அந்த சைஸ் வேண்டாம், அழுத்தி அழுத்தி பழகிக்கோன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.

அடுத்தது டியூனிங், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு தூக்கலா வரணும்னு பீஸ அமைக்கறது. டெமோக்கு நீங்க போடுற பாட்டு எல்லாமே குத்துப் பாட்டுதான், வால்யூம் முக்கால்வாசிக்கு மேல. அப்படிக் கேட்டா பேஸும் ட்ரெபிளும் (மேல் சத்தம்) தூக்கி வெச்ச பீஸ்தான் எல்லார் காதுக்கும் நல்லா இருக்கும், வீட்ல ஒரு மணி நேரம் கேட்டா தல வலிக்கும். காதுத் துவாரம் கிட்டத்தட்ட ரெண்டர சென்டிமீட்டர் நீளம், தொறந்து இருக்கறப்ப அது 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கற சத்தத்தத் தானாவே பெருசாக்கும், நம்ம மூள பொறந்ததுலேர்ந்து அதுக்குப் பழகியிருக்கு. ஐஇஎம்ம வெச்சு அடைச்சதும் அந்த இயற்கையான ஏத்தம் போயிடுது, அதனால அந்த எடத்துல சத்தத்த ஐஇஎம்மே ஏத்திக் குடுத்தாத்தான் குரல் நிஜக் குரல் மாதிரி இருக்கும். ஹார்மன் கம்பெனியில ஷான் ஆலிவ்ங்கற ஆராய்ச்சியாளரோட டீம் ஆளுங்கள வெச்சுக் கேக்க விட்டு உருவாக்குன டார்கெட் கர்வ்லயும் (எந்தச் சத்தம் எவ்வளவு இருந்தா நல்லா இருக்கும்னு காட்டுற கோடு) இந்த ஏத்தம் இருக்கு, கூடவே கீழ கொஞ்சம் பேஸும் இருக்கு. அந்த 3 கிலோஹெர்ட்ஸ் கொறைஞ்சா பாடறவங்க பின்னாடி போயிடுவாங்க, ஜாஸ்தியானா வயலினும் நாதஸ்வரமும் காதக் குத்தும், அதுக்கும் மேல இருக்கற சத்தம் ஏறிட்டா ச, ஸ எல்லாம் சீறும். அதனால டெமோவுல குத்துப் பாட்டோட ஒரு கச்சேரி ரெக்கார்டிங்கும் வெச்சுக்குங்க, தம்புரா, ஒரு குரல், வயலின், மிருதங்கம், அவ்வளவு போதும், பீஸோட யோக்கியத ரெண்டே நிமிஷத்துல வெளிய வந்துடும். ரெண்டு மாடல ஒப்பிடறப்ப வால்யூம ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டு ஒப்பிடுங்க, இல்லன்னா எது சத்தமா இருக்கோ அதுதான் நல்லா இருக்கற மாதிரி தோணும், இதுல ஏமாறாத காதே கெடையாது. இன்னிக்கு 2000 ரூபாய்லயே ரொம்ப நல்ல டியூனிங்ல பீஸ் வருது, அது உங்களுக்குத் தெரியாததில்ல.

இன்னொரு காரணமும் இருக்கு, இதுல நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லுவேன். பீச்-தாம்பரம் டிரெயின்லயும் எம்டிசி பஸ்லயும் வர்ற இரைச்சல்ல பெரும்பங்கு கீழ் சத்தம், அது பாட்டோட பேஸ முழுங்கிடும். ரப்பர் சரியில்லாதவங்களுக்கு இரைச்சலும் உள்ள வருது, பேஸும் கசியுது, அதனால வால்யூம ஏத்திகிட்டே போறாங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாதுகாப்பு அளவு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற ஏற அந்த நேரம் பாதியா கொறையுது, அதாவது 83னா 20 மணி நேரம், 86னா 10 மணி நேரம்தான். 86 டெசிபல்ல வெச்சு தெனம் போக வர ரெண்டு மணி நேரம் டிரெயின்ல கேக்கற பசங்களுக்கு இந்த அளவு ஒரே வாரத்துல தாண்டிடும், போன கேள்வித்திறன் திரும்பி வர்றதில்ல. சரியான ரப்பர் போட்டா வெளிச் சத்தம் தானா கொறையுது, வால்யூம் ரெண்டு மூணு படி கீழ வந்துடுது.

சீல் ஒடைச்சா பீஸ் விக்காதுங்கற கஷ்டம் புரியுது, அதுக்குத்தான் மாடலுக்கு ஒரு டெமோ பீஸ் மட்டும் தனியா வெச்சுக்குங்கன்னு கேக்கறேன். பக்கத்துல ஒரு டப்பாவுல எஸ், எம், எல் ரப்பர் நாலஞ்சு செட், ஒரு ஆள் போட்டதும் ரப்பரக் கழட்டி சோப்புத் தண்ணில கழுவிக் காய வெச்சுடுங்க, பீஸோட முனையில இருக்கற வலைய ஸ்பிரிட் வைப்ஸ்ல தொடைச்சுடுங்க. நம்ம ஊர் வேர்வைக்கும் புழுக்கத்துக்கும் காதுல பூஞ்ச தொத்து சுலபமா வரும், ஒருத்தர் காதுல இருந்தத அப்படியே அடுத்தவருக்கு நீட்டறது ரொம்பத் தப்பு. பஞ்சு மாதிரி இருக்கற ஃபோம் முனை நல்லா அடைக்கும்தான், ஆனா அதக் கழுவ முடியாது, அதனால டெமோக்கு சிலிக்கோன் ரப்பர்தான் சரி.

ரப்பர தனியாவும் வித்துக் குடுங்க அண்ணா. ஃபைனல்ங்கற கம்பெனியோட டைப்-ஈ மாதிரி அஞ்சு சைஸ்ல வர்ற ரப்பர் எல்லாம் இப்ப ஆன்லைன்லதான் தேட வேண்டியிருக்கு, ஒரு லார்ஜ் ஒரு மீடியம்னு கலந்து கேட்டா ஜோடியாத்தான் தருவோம்னு சொல்லாம குடுத்தீங்கன்னா இன்னும் நல்லது. ரப்பர் மாட்டுற முனையோட தடிமன் மாடலுக்கு மாடல் மாறும், அதனால வாங்குன பீஸையும் கொண்டு வரச் சொல்லி மாட்டிப் பாத்தே குடுங்க.

தெரு முழுக்க மாறணும்னு காத்திருக்கல, எந்தக் கடை மொதல்ல டெமோ பீஸும் ரப்பர் டப்பாவும் வெக்குதோ சொல்லுங்க, எங்க ஆஃபீஸ்ல எது வாங்கலாம்னு என்கிட்ட கேக்கற எல்லாரையும் நேரா அங்கதான் அனுப்பப் போறேன்.

இப்படிக்கு,
உங்க தெருவுக்கு அடிக்கடி வர்ற ஒரு கஸ்டமர்