வைஃபை சுவிட்ச் யார் கையில் இருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் கல்லூரி ஆட்சிக் குழுவினருக்கும்,

வணக்கம். காலையில் நீதிமன்றம், பிற்பகலில் உங்கள் கல்லூரியில் சாட்சியச் சட்டம் என்று ஓடிக்கொண்டிருக்கும் கௌரவ விரிவுரையாளர் எழுதுகிறேன். அடுத்த மாதம் முதல் வகுப்பு நேரம் முழுவதும் வகுப்பறைகளில் வைஃபை நிறுத்தப்படும் என்ற சுற்றறிக்கை சென்ற வாரம் என் மேசைக்கு வந்தது. கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். அது படித்ததற்கான கையெழுத்து, ஒப்புக்கொண்டதற்கானது அன்று.

கவனச் சிதறல் என்ற நோயே இல்லை என்று வாதாட வரவில்லை. ஒருநாள் பாடம் நடத்தியபடியே கடைசி வரிசைக்கு நடந்து போனேன். ஐந்து மடிக்கணினிகளில் மூன்றில் கிரிக்கெட் ஸ்கோர், ஒன்றில் செருப்பு விற்பனை. ஐந்தாவதில் மட்டும் என் பாடம் இருந்தது, அதுவும் போன வருடத்து மாணவர் எடுத்த குறிப்பாக. மரண வாக்குமூலத்தைவிடச் செருப்பு சுவையாக இருந்திருக்கிறது என்றால் அதில் என் பங்கும் உண்டு. இதில் வேடிக்கை பார்ப்பவனை விட அவன் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் கூடுதல் நட்டம். கனடாவில் 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், வகுப்பின்போது மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்கள் தேர்வில் 11 சதவீதம் குறைவாகப் பெற்றார்கள். அந்தத் திரை கண்ணில் படும் இடத்தில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவர்கள் 17 சதவீதம் குறைவாகப் பெற்றார்கள். ஆகவே உங்கள் கவலை நியாயமானது. மருந்துதான் தவறு.

'வெளிநாட்டு முன்னணிச் சட்டப் பள்ளிகளின் நடைமுறை' என்று சுற்றறிக்கை சொல்கிறது. சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியை மனத்தில் வைத்து எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டீன் சால் லெவ்மோர் காலத்தில், 2008இல், அங்கே பெரும்பாலான வகுப்பறைகளில் இணையத்தை நிறுத்தினார்கள். பழைய தீர்ப்பை முன்தீர்ப்பாகக் காட்டுகிறவரிடம் அந்த வழக்கின் பொருண்மைகளை, அதாவது அதில் நடந்தது என்ன என்பதை, கேள் என்று நாம்தானே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்? 2008இல் வைஃபை நின்றால் மடிக்கணினி தட்டச்சுப் பொறியாகிவிடும், இணையத்துக்கு வேறு வழி அரிது. இந்தியாவில் 2016இல் ஜியோ வந்து டேட்டாவின் விலை தரையில் விழுந்த பிறகு, நாங்கள் வைஃபையை அணைத்த அடுத்த நிமிடமே மாணவன் செல்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுவிடுவான். செருப்புக் கடை மூடாது. பொருண்மைகள் வேறு, எனவே அந்த முன்தீர்ப்பு இங்கே செல்லாது.

அப்படியானால் யாருக்குத்தான் இணையம் நிற்கும்? மாதக் கடைசியில் ரீசார்ஜ் செய்யக் காசில்லாத மாணவிக்கு நிற்கும். என் வகுப்பில் அப்படி ஒருத்தி இருக்கிறாள், குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவள். தீர்ப்புகளையெல்லாம் கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொண்டு இரவில் விடுதியில் படிப்பவள். கவனத்தைச் சிதறடிப்பவனை விட்டுவிட்டு இவளைத் தண்டிக்கும் விதி இது.

செல்பேசிக்கும் சேர்த்து அலைவரிசையை முடக்கும் ஜாமர் வைத்துவிடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மத்திய அரசின் அனுமதியின்றி ஜாமர் பயன்படுத்துவது சட்டவிரோதம். சட்டக் கல்லூரி என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம்.

தளங்களை வடிகட்டும் முறையும் நாம் பார்த்ததுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மென்பொருள் ஒன்றைப் பொருத்தினீர்கள். பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் பற்றிப் பாடம் நடத்தியபோது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தேடினால் 'ஆபாச உள்ளடக்கம்' என்று சொல்லித் தடுத்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு என் செல்பேசி டேட்டாவில் தீர்ப்பைத் திறந்து வாசித்தேன்.

வகுப்பில் இணையம் எதற்கு, புத்தகம் போதாதா என்று மூத்த பேராசிரியர்கள் கேட்பார்கள். 2024 ஜூலை 1 அன்று மூன்று குற்றவியல் சட்டங்கள் ஒரே நாளில் மாறின. பழைய தண்டனைச் சட்டத்தில் 302 என்று நாவில் ஊறிய கொலை இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. ஊர்ப் பேச்சிலேயே கலந்துவிட்ட 420, இப்போது 318(4). நம் நூலக அலமாரிகளில் பாதி இன்னும் பழைய எண்களைத்தான் பேசுகின்றன. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் காட்டத் தேவையான பழைய 65பி சான்றிதழ், புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவாகி, ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை போன்ற குறியீட்டை) குறிப்பிடும் படிவத்தோடு வந்திருக்கிறது. இதைக் கரும்பலகையில் எப்படிக் காட்டுவது? உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் திரட்டு 2023 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதே ஆண்டில் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து அபராதம் கட்டினார்கள் வழக்கறிஞர்கள். மேற்கோளைத் தேடிச் சரிபார்க்கும் பழக்கத்தை வகுப்பில் பழக்காமல் வேறு எங்கே பழக்குவது?

கேரள உயர் நீதிமன்றம் 2019இல் ஃபஹீமா ஷிரின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவதைக் கல்வி உரிமையோடு சேர்த்துப் பார்த்தது. அது விடுதியில் செல்பேசிக்கு விதித்த தடை பற்றிய வழக்கு, வகுப்பறையைப் பற்றியது அன்று. எனவே அதைக் காட்டி உங்களை மிரட்ட மாட்டேன்.

நான் கேட்பது சிறியது. அணைக்கும் அதிகாரத்தை அலுவலகத்தில் வைக்காதீர்கள், அந்தந்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். கேள்வி கேட்டு, மடக்கி, மறுபடி கேட்டு நடத்தும் முதல் அரை மணி நேரத்துக்கு நானே அணைப்பேன்; மடிக்கணினியையும் மூடச் சொல்வேன், செல்பேசியைப் பைக்குள் போடச் சொல்வேன். ஹாட்ஸ்பாட்டை நிறுத்த ஆசிரியரின் கண்ணால்தான் முடியும், ரவுட்டரால் முடியாது. தேடும் நேரம் வந்ததும் திறந்துவிடுவேன். அறைவாரியாகவும் நேரவாரியாகவும் வைஃபையை நிறுத்தித் திறக்க நம் கருவிகளிலேயே வசதி இருக்கிறது என்று கணினிப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாழ்வாரத்து ரவுட்டர் ஒன்று இரண்டு அறைகளுக்குப் பொதுவாக இருக்கிறது. அதை மட்டும் பிரிக்க வேண்டியிருக்கும். குறிப்பு ஒப்புவித்தே மணியைக் கடத்தும் ஆசிரியர்கள் நாள் முழுக்க அணைத்தே வைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

முதல் திங்கட்கிழமை பிற்பகல் இரண்டாம் மணி வேளையில் 63ஆம் பிரிவை எடுக்கிறேன். மாணவர்கள் ஒரு கோப்பின் ஹாஷைத் தாங்களே கணக்கிட்டு, சான்றிதழ்ப் படிவத்தை இறக்கி நிரப்ப வேண்டும். சுற்றறிக்கையைத் திரும்பப் பெற அதற்குள் குழு கூட முடியாது என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்காவது என் அறைக்கு விலக்குக் கொடுங்கள். உங்களில் யாராவது வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாலும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரியின் சாட்சியச் சட்டக் கௌரவ விரிவுரையாளர்