யாரும் எவ்வளவும் குடிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழின் மூலிகைப் பக்கத்தில், "சீந்திலுக்குப் பக்கவிளைவே கிடையாது, எதிர்ப்பு சக்தி கூடும், யாரும் எவ்வளவும் குடிக்கலாம்" என்று போட்டிருந்தீர்கள். என் அக்காவுக்கு முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுகளையே தாக்குகிற நோய் அது என்பது தாங்கள் அறியாததல்ல. அந்தச் சக்தியை அடக்கி வைக்கத்தான் அவள் வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறாள். உங்கள் பக்கத்தை நம்பி நாட்டு மருந்துக் கடையில் சீந்தில் பொடி வாங்கி, காலையும் மாலையும் குடித்திருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார், ஈரலுக்கு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். 2021-ல் மும்பையில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவர்கள் எழுதியதும், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்ததும் செய்தியாக வந்தவைதானே. யார் சொன்னது சரியோ, இருக்கட்டும். ஒரு வரி எச்சரிக்கைக்குக்கூடவா இடமில்லை?

என்னை மூலிகைக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் மொட்டை மாடியில் உடைந்த பக்கெட்டில் கற்பூரவள்ளி வளர்கிறது. சளி என்றால் எங்கள் வீட்டில் முதலில் தூதுவளை ரசம்தான். ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற வேதிப்பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தே உருவானது. 2020-ல் ராயபுரம் மண்டலத்தில் கொரோனா பரவியபோது தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள், நாங்களும் குடித்தோம். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியில் சித்த மருத்துவ மையமே நடந்தது. ஆனால் அதற்கெல்லாம் ஒரு கணக்கு இருந்தது. கபசுரக் குடிநீர் என்றால் 5 கிராம் பொடி, 240 மில்லி தண்ணீர், 60 மில்லியாகச் சுண்ட வேண்டும். அக்காவை அப்புறம் ஒரு சித்த மருத்துவரிடமும் கூட்டிப்போனேன். நாடி பார்க்கும் முன்பே, "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் அவர் கேட்டார். உங்கள் கட்டுரையாளருக்கு அது தோன்றவே இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முன்பொரு மழைக்கால இதழில், வடசென்னையில் காய்ச்சல் அதிகம் வருவது பாட்டி வைத்தியத்தை மறந்ததால்தான் என்று எழுதினீர்கள். அன்றே மனசு நொந்தது. எங்கள் தெருக் குழாயில் சாக்கடை வாடையோடு தண்ணீர் வருகிறது. கொடுங்கையூர் குப்பை மேட்டுப் புகை ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே நுழைகிறது. 2023 டிசம்பரில் எண்ணூரில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதற்கெல்லாம் எங்கள் உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்ததா காரணம்? அதைப் பற்றி உங்கள் இதழில் நாலு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் மேல் குறை சொல்ல மட்டும் பக்கம் கிடைக்கிறது. "கொல்லைப்புறத்தில் பறித்த இலை" என்று வேறு எழுதுகிறீர்கள். கொருக்குப்பேட்டை லைன் வீடுகளில் கொல்லைப்புறம் எங்கே இருக்கிறது, ஐயா?

இதையெல்லாம் சொல்லி முன்பு ஒரு கடிதம் போட்டேன். பிரசுரமாகவில்லை. அது உங்கள் விருப்பம்.

நான் இப்போது கேட்பது சின்ன விஷயம். மூலிகைப் பக்கம் வரும்போதெல்லாம் அளவு எவ்வளவு, எத்தனை நாள், யார் குடிக்கக் கூடாது என்று மூன்று வரி போடுங்கள். கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், அக்காவைப் போன்றவர்கள் எல்லாம் உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள்தான். சென்ற மாதம் எழுதியதற்கு ஒரு திருத்தமும் அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வர வேண்டும்.

இப்படிக்கு,
பல வருட வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை