அதட்டினால் நிற்காது

ஐயா,

பொதுத்தேர்வு நெருங்கினால், தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் டியூஷனில் சில பிள்ளைகளின் நோட்டுக்கு அடியில் முடி கிடக்கும். உதிர்ந்ததல்ல, கணக்கு வராதபோது ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. சிலர் நகத்தோரத் தோலை ரத்தம் வரும்வரை உரிப்பார்கள். பெற்றோர் கையிலேயே ஒன்று போடுகிறார்கள், இல்லாவிட்டால் மொட்டையடித்து விடுகிறார்கள். இது திமிர் இல்லை. முடி பிடுங்குவதற்கு 1889-லேயே ஒரு பிரெஞ்சு மருத்துவர் பெயர் வைத்துவிட்டார். கை தலைக்குப் போகும்போதே கவனித்து, விரல்களை மடக்கி இறுக்கிக்கொள்ளப் பழக்கும் பயிற்சி இருக்கிறது. பிடுங்கிய முடியை விழுங்கினால் மட்டும் தாமதிக்கக் கூடாது; வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்துவிடும். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணை ஹால் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன?

- ஒரு டியூஷன் ஆசிரியை, சென்னை-81